எழுபது லட்சம் வாய்

மேகோங் ஆற்றின் இரண்டு கரையிலும் வாய்ப்புக்காரர் என்றொரு இனம் உண்டு. யாரும் விதைப்பதில்லை, தானாக முளைக்கும். இக்கரை தாய்லாந்து, அக்கரை லாவோஸ், நடுவில் ஓடுவது தண்ணீர் என்று நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் கண்ணுக்கு அங்கே ஏற்றுமதி ஓடுகிறது. சட்டையில் இரண்டு நாட்டுக் கொடியும் ஒட்டி நிற்கும் ஊசி, பை நிறைய முகவரி அட்டை, பலாக்கொட்டையைப் பார்த்தாலும் பழைய துடைப்பத்தைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "இது அக்கரையில கெடைக்குதா?" என்று ஒரே கேள்வி. இதுவரை என்ன விற்றார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கைகுலுக்கும் படத்தைக் காட்டுவார்.

இக்கரையில், எங்கள் நோங்காய் ஊர்ப் பக்கத்து வாய்ப்புக்காரர் பெயர் பிராயோங். நல்ல மனிதர்தான், அதை யார் மறுத்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் கண் ஒருநாள் பக்கத்து வீட்டுக் கம்பூனின் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த வாழைப்பழத்தின் மேல் விழுந்தது.

"கம்பூன் அக்கா, லாவோஸ்ல எழுபது லட்சம் வாய்! ஆளுக்கு ஒண்ணு தின்னாக்கூட என்னாச்சு?"

"ஏன் தம்பி, அங்க வாழை மரமே இல்லியா?"

இதற்கெல்லாம் வாய்ப்புக்காரர் அசையமாட்டார். "மரம் வேற, சந்தை வேற அக்கா" என்றார்.

கம்பூனுக்கு எழுபது லட்சம் வாய் தேவையில்லை. அவளுக்குத் தேவை ஒரே ஒரு வாய், அக்கரைச் சந்தையில் கடை வைத்திருக்கும் தோங்வானின் வாய். பௌர்ணமித் திருவிழாவுக்கு முன்னால் ஒரு கூடை உலர்ந்த பழம் கொண்டு வா, ஜனங்களுக்குப் பிடித்தால் வாராவாரம் எடுத்துக்கொள்கிறேன், பிந்தினால் வேறு ஆளிடம் வாங்கிவிடுவேன் என்று தோங்வான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். புருஷன் போனபிறகு கம்பூன் தன் கையால் தேடிக்கொண்ட முதல் பிழைப்பு. ஒவ்வொரு பழமாகத் தட்டி, திருப்பிப் போட்டு, ஈ ஓட்டி, இலையில் பொட்டலம் கட்டி, கூடையை நிரப்பி, படகுக்குக் கிளம்பியவளைப் பிராயோங் மறித்தார்.

"கூடையத் தூக்கிட்டுப் போறதுக்குப் பேரு ஏற்றுமதியா அக்கா? இன்னிக்கு விகாரை மண்டபத்துல இருநாட்டு வாணிபக் கூட்டம் வச்சிருக்கேன். அக்கரைத் தலைவர் வர்றார். நூல் கட்டி, ஆசி வாங்கி, முறையா அனுப்புவோம்."

"படகு போயிருமே தம்பி."

"நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். என்னை நம்பலியா?"

நம்பவில்லைதான். ஆனால் அக்கம்பக்கத்துக்காரனிடம் முகத்துக்கு நேரே அதை எப்படிச் சொல்வது? கூடையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஈடு பழத்தைத் திருப்பிப்போட உட்கார்ந்தாள்.

கூட்டம் அமர்க்களம். அக்கரை வாய்ப்புக்காரர் சோம்வாங்கும் அதே ஊசி குத்திக்கொண்டு, தம் நாட்டின் அரிய சரக்கு என்று ஒரு கூடையைச் சுமந்துகொண்டு வந்தார். திறந்தால் அதிலும் உலர்ந்த வாழைப்பழம்! வேறு யாராவதாக இருந்தால் நாணியிருப்பார்கள். இவர்கள் கட்டிக்கொண்டார்கள். "ரெண்டு பக்கமும் இதேதான்னா பாருங்க, எவ்வளவு பெரிய சந்தை!" என்றார் பிராயோங். பிறகு பேசினார்கள், பேசினார்கள், வெயில் சாயும்வரை பேசினார்கள்.

அப்புறம் நூல் கட்டும் சடங்கு. அங்கேதான் பிராயோங் அறிவு வேலை செய்தது. சரக்குக்கும் ஆசி கிடைக்கட்டுமே என்று இரண்டு கூடைகளையும் சடங்குக்காகப் பூவைக் கோபுரமாக அடுக்கிய தட்டின் முன்னால், முட்டைக்கும் சோற்று உருண்டைக்கும் பக்கத்தில் வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்: மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டும்போது அந்தத் தட்டின் முன்னால் இருப்பதில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைப்பார்கள். வைத்தது வைத்ததுதான், ஆசியை யார் திருப்பிக் கேட்பார்கள்? பெரியவர்கள் ஆளுக்கொரு நூல் கட்டினார்கள், ஆளுக்கொரு பொட்டலம் வைத்தார்கள். பிராயோங்கும் கண்ணை மூடி வாங்கினார், வாயிலும் போட்டுக்கொண்டார்.

கூடை போன சேதி வராமல் கம்பூன் தேடி வந்து நின்றபோது இருநாட்டு வாணிபமும் ஒரே பாயில் தின்று முடிக்கப்பட்டிருந்தது.

காலிக் கூடையைப் பார்த்தாள். பிராயோங்கைப் பார்த்தாள். "எத்தனை வாய் தம்பி? எழுபது லட்சமும் வந்துருச்சா?"

பிராயோங் சட்டை ஊசியைச் சரிசெய்துகொண்டார். சோம்வாங் மெல்ல எழுந்து செருப்பைத் தேடினார்.

"நீங்க எங்க கெளம்பிட்டீங்க? உக்காருங்கண்ணே. நூல் கட்டினா மூணு நாள் அவுக்கக் கூடாதில்ல? அந்த மூணு நாளும் ரெண்டு பேரும் எங்க வீட்டுலதான்."

போனில் தோங்வானிடம் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்பு. "பௌர்ணமிக்கு முந்தின நாள் வரைக்கும் பொறுக்கறேன்டி. ரெண்டு நாட்டுத் தலைவருங்க உரிச்ச பழம்னு கூவியே வித்துருவேன். ஆனா கையக் கழுவச் சொல்லு!"

மறுநாள் கம்பூனின் முற்றத்தில் இரண்டு தலைவர்களும் குந்தியிருந்தார்கள். மணிக்கட்டு நிறைய நூல், மடி நிறையப் பழம், முகம் நிறைய ஈ. உரித்தார்கள், பரப்பினார்கள், திட்டு வாங்கினார்கள், திருப்பிப் போட்டார்கள். பௌர்ணமிக்கு முந்தின நாள் காலைப் படகில் கூடை ஏறியது, கம்பூன் மடியில். அன்று ஆற்றைக் கடந்த அந்த ஒரு கூடைதான் பிராயோங் வாழ்நாளில் அவர் கைபட்டு அக்கரை போன முதல் சரக்கு.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? படகு கண்ணைவிட்டு மறையும்வரை கையாட்டியவர், திரும்பி முற்றத்து மூலையில் குவிந்திருந்த வாழைத்தோலைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"சோம்வாங் அண்ணே, இது உங்க பக்கம் கெடைக்குதா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன தடவை வெளியூர் போனபோது எதையோ வாயில் போட்டுக்கொண்டு, "இதை மட்டும் நம்ம ஊர்ல கொண்டுபோய் வித்தா..." என்று ஆரம்பித்தது யார்? எத்தனை வாய் என்று கணக்குக்கூடப் போட்டீர்களே! எதற்கும் சட்டையைக் குனிந்து பாருங்கள். ஊசி இன்னும் குத்தவில்லை என்றால் சீக்கிரம் குத்திவிடும்.