ஆந்தைகளின் இரண்டாம் பக்கம்

எங்கள் வீட்டு ஹாலில் ஜன்னலோரம் யாருக்குச் சொந்தம் என்பதை அந்தச் சனிக்கிழமையோடு தீர்த்துக் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன். என் வீட்டில் ஒரு முடிவை நான் எடுத்தேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகப்படி. இருந்தாலும் எடுத்தேன்.

விஷயம் இதுதான். வெளிச்சம் வருகிற ஜன்னல் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று. அதன் அடியில் என் ரெக்கார்ட் பிளேயரும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கரும் நிற்கும். ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். என் மனைவி துணி தைத்துக் கொடுப்பவள். ஜன்னல் திரை, பள்ளிக்கூட யூனிஃபார்ம், உடம்பு பெருத்துப்போனவர்கள் பிரித்துத் தைக்கச் சொல்லும் பேண்ட் எல்லாம் அவள் கைக்கு வரும். அவளுடைய தையல் மெஷின் கிடப்பது பின்னறையில். அங்கே பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஊசிக்காது தெரியும்.

"கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டறேங்க. கண்ணு அவிஞ்சு போகுது. அந்த ரெண்டு பீரோவையும் பின்னால தள்ளுங்களேன்."

"பீரோ இல்ல. ஸ்பீக்கர்."

"துணி வைக்க முடியாத பீரோ."

"அதுக்குக் காத்து வேணும், இடம் வேணும்."

"எனக்கு?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லக் கூடாது. பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ள வேண்டும். பல வருஷமாக அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. ப்ராக்ரெசிவ் மெட்டல் என்ற ஒன்று மட்டும் உண்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிடார் இடிக்கும். டிரம்ஸ் உதைக்கும். பாடுகிறவர் தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்ட மாதிரி உறுமுவார். சரி, தாளம் பிடிபட்டுவிட்டது என்று நாம் தலையாட்ட ஆரம்பித்ததும் தாளத்தை மாற்றிவிடுவார்கள், அசடு வழிய நிற்க வேண்டியதுதான். ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு வாளித் துணியை அலசிக் காயப்போட்டுவிடலாம் என்பது என் மனைவியின் கணக்கு. நான் உயிரை வைத்திருக்கும் குழுவின் சின்னம் ஆந்தை. அதனால் அவர்களை ஆந்தைகள் என்றுதான் சொல்வோம்.

சொல்வோம் என்றால் நாலு பேர். நான், லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர். கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தரும் பேராசிரியர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் தாடி. அப்புறம் பல் டாக்டர். டாக்டர் என் பள்ளிக்கூட சிநேகிதன். ஆந்தைகளின் முதல் இசைத்தட்டை ஒரே ஹெட்ஃபோனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு கேட்டவர்கள் நாங்கள்.

ஆந்தைகள் பல வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, திடீரென்று புதுத் தட்டு வருகிறது என்று அறிவித்தார்கள். நெட்டில் கிடையாதாம், தட்டு மட்டும்தானாம். நாலு பேரும் சேர்ந்து ஒன்றை வரவழைத்தோம். அது வந்து சேர்ந்த அன்று என் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஒண்ணு பண்ணுவோம். இந்தத் தட்டை முழுசாக் கேட்டுட்டு உங்க நாலு பேரும் ஒரே வாயா நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, ஜன்னல் உங்களுக்கு. ஒருத்தர் இழுத்தாலும் எனக்கு."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் எப்ப மாறியிருக்கேன்?"

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாங்கள் நாலு பேரும் ஒரே வாயாக ஒத்துக்கொண்ட விஷயம் இதுவரை ஒன்றுதான். அவள் போடும் காபி நன்றாயிருக்கும் என்பது. ஆனால் ஆந்தைகள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. சரி என்று தலையை நீட்டிவிட்டேன்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. புதுத் தட்டென்றால் விளக்கை அணைத்து, கண்ணை மூடிக் கேட்க வேண்டும். யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது. முடிந்ததும் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு. அலசல் எல்லாம் அப்புறம். போன தடவை பேராசிரியர் தட்டைத் திருப்ப எழுந்து, இருட்டில் தாடியின் காலை மிதித்து, தாடி போட்ட கத்தலில் அந்தத் தட்டே பாழாய்ப் போயிற்று.

"இந்தத் தடவை யார் திருப்பறது?" என்று தாடி கேட்டார்.

சமையலறை வாசலில் நின்றபடி என் மனைவி சொன்னாள். "நீங்க யாரும் எந்திரிக்க வேணாம். நானே திருப்பி வைக்கிறேன்."

"விளிம்பை மட்டும் பிடிக்கணும்," என்றேன்.

"அடுத்தவங்க துணியைக் கறை படாம தைச்சுக் குடுக்கறவ நான். தெரியும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பேராசிரியர் செருப்பைக் கழற்றும்போதே வகுப்பை ஆரம்பித்திருந்தார். "ரெண்டாவது பக்கம் முதல் பக்கத்தோட நிழல்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அதைக் கவனிக்கணும். சாதாரணக் காதுக்குப் பிடிபடாது."

விளக்கை அணைத்தோம். முதல் பக்கம் இடித்தது, உதைத்தது, உறுமியது. நடுவில் ஒரு பாட்டு மட்டும் உறுமல் இல்லாமல், பியானோவோடு மெதுவாகப் போயிற்று. பக்கம் முடிந்தது. அவளுடைய காலடிச் சத்தம் வந்தது, தட்டை எடுத்து வைக்கும் சத்தம் வந்தது, முள் கீறியது. அடுத்த பக்கம் ஆரம்பித்தது.

அதே இடி. அதே உதை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு நிழல் ஞாபகம் வந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. என்ன துணிச்சல் இவர்களுக்கு என்று இருட்டில் கண் கலங்கினேன்.

விளக்கைப் போட்டோம்.

"நல்லா இருக்கு," என்றார் தாடி. "ரெண்டாவது பக்கம் இன்னும் இருட்டா இருக்கு."

"நல்லா இருக்கு," என்றார் பேராசிரியர். "முதல் பக்கத்துல கேள்வியா இருந்ததெல்லாம் ரெண்டாவதுல பதிலா வருது. அதே சுரம்தான். ஆனா அதே இல்ல."

"நல்லா இருக்கு," என்றேன் நான். "முதல் பக்கம் பக்கத்துல வர முடியாது."

மூன்று ஆகிவிட்டது. டாக்டர் மட்டும் கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தான். "ஏண்டா, வந்த பாட்டேதானே மறுபடியும் வந்துச்சு?"

"மேலோட்டமாக் கேட்டா அப்படித்தான் இருக்கும், டாக்டர்," என்றார் பேராசிரியர்.

"உள்ள போய்க் கேட்டாலும் அப்படித்தான் சார் இருக்கு. இத்தனை வருஷம் காக்க வெச்சுட்டு, போட்டதையே திரும்பப் போடறாங்க. என்னைக் கேட்டா..."

என்னங்க, ஒரு நிமிஷம், அந்தத் தட்டு என்று என் மனைவி வாசலிலிருந்து ஏதோ சொல்ல வந்தாள். ஜன்னல் கைநழுவிப் போகிற பதற்றத்தில் நான் அவள் பக்கம் திரும்பினேன். "நீ சும்மா இரு. இதெல்லாம் உனக்குப் புரியாது." அவள் உள்ளே போய்விட்டாள். அதே வேகத்தில் டாக்டர் பக்கம் திரும்பினேன். "உனக்குக் காது போயிடுச்சுடா. பழுதான காதை வெச்சுக்கிட்டுப் பாட்டைக் குறை சொல்லாதே."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பல் துளைக்கும் மெஷின் பக்கத்திலேயே காலம் தள்ளியதில் அவனுக்கு மெல்லிய சத்தமெல்லாம் விழுவதில்லை என்று காது டாக்டர் சொல்லியிருந்தார். "குருவி கத்தறது கேக்கலடா," என்று கொஞ்ச நாள் முன்னால் என்னிடம் வந்து சொன்னான். என்னிடம் மட்டும். அதைத்தான் நாலு பேர் முன்னால் போட்டு உடைத்திருந்தேன்.

அவன் ஷூ லேஸைக்கூடக் கட்டாமல் இறங்கிப் போய்விட்டான். மற்ற இரண்டு பேரும் நிழலைப் பற்றிப் பேசிக்கொண்டே கிளம்பினார்கள்.

எனக்குக் கொஞ்சமாவது வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது ஜன்னல் ஞாபகம்.

"மூணு பேர் நல்லா இருக்குன்னாச்சு. ஒருத்தன் தீர்ப்பே சொல்லல. ஜன்னல் எனக்குத்தான்."

"நாலு பேரும்னுதானே பேச்சு," என்றாள் அவள். "டாக்டர் அண்ணன் வந்து சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் துணி கொடுக்கப் போயிருந்தபோது, அந்த இரண்டாம் பக்கத்தைத் தனியாகக் கேட்கலாம் என்று பிளேயர் முன்னால் உட்கார்ந்தேன். மேலே இருந்தது முதல் பக்கம். எப்படி என்று யோசித்துக்கொண்டே தட்டைத் திருப்பி வைத்தேன். ஜென்மத்தில் கேட்டிராத ஒரு பாட்டு ஆரம்பித்தது.

அவள் திரும்பி வந்ததும் கேட்டேன். "நேத்து தட்டைத் திருப்பினியா?"

"இல்ல."

"ஏன்?"

"நடுவுல உறுமாம ஒண்ணு பாடறாரே, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. இன்னொரு தடவை கேக்கலாம்னு அதையே வெச்சேன். ஏம்மா, அதே பக்கத்தை வெச்சிருக்கியேன்னு யாராவது கேப்பீங்க, திருப்பிடலாம்னு நின்னேன். ஒருத்தரும் கேக்கல. முடிஞ்சப்புறம் அண்ணன் ஒருத்தர்தான் கேட்டாரு. நான் சொல்ல வந்தேன். எனக்குப் புரியாதுன்னுட்டீங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பாட்டில் ஒன்றாவது அவளுக்குப் பிடிக்காதா என்று ஏங்கியவன் நான். பிடித்த அன்றைக்கு அவளிடம் என்ன சொல்லியிருக்கிறேன் பாருங்கள். மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

டாக்டர் என் போனை எடுக்கவில்லை. மறுநாள் பல் வலி என்று சொல்லி கிளினிக்கில் பேர் பதிந்து உள்ளே போனேன். மன்னிப்பை மனப்பாடம் செய்திருந்தேன். நாற்காலியில் சாய்ந்ததும் வாயைத் திற என்றான். திறந்தேன். இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடைத்துவிட்டான்.

"ஆ... ஆ..."

"நீ பேசாத. அன்னிக்கே நிறையப் பேசிட்ட." சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுத் துழாவினான். "குருவி விஷயம் என் வீட்டுல கூடத் தெரியாதுடா. உன்கிட்ட சொன்னா உன்னோட இருக்கும்னு நினைச்சேன்."

எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலிக்குதா சார் என்று நர்ஸ் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். பஞ்சை எடுத்ததும், மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய் நேராகச் சொல்லிவிட்டேன்.

"என்னை மன்னிச்சிடுடா. நீ சொன்னதுதான் சரி. அவ தட்டைத் திருப்பவே இல்ல. ரெண்டு தடவையும் ஒரே பக்கம்."

"அப்ப என் காது?"

"அன்னிக்கு அந்த ஹால்ல வேலை செஞ்சது உன் காது மட்டும்தான்."

அவன் முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் கை கழுவினான். பிறகு, "சாயங்காலம் வர்றேன்," என்றான்.

வந்தான். விளக்கை அணைத்து உண்மையான இரண்டாம் பக்கத்தைக் கேட்டோம். கடைசிப் பாட்டின் முடிவில் டிரம்ஸின் வெண்கலச் சிம்பல் ஒன்றின் ஓசை மெலிதாக, மெலிதாக, கரைந்துகொண்டே போகும். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, முடிஞ்சிடுச்சுல்ல என்றான் டாக்டர். ஆமாண்டா என்றேன். அந்தச் சிம்பல் நிற்கும்வரை நான் விளக்கைப் போடவில்லை.

"நல்லா இருக்குடா," என்றான். "ரொம்ப நல்லா இருக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சிநேகிதனும் கிடைத்தான், ஜன்னலும் கிடைத்தது.

"கேட்டியா? நாலு பேரும் நல்லா இருக்குன்னாச்சு."

"கேட்டேன்," என்றாள் என் மனைவி. "நீங்களும் அண்ணனும் முழுசாக் கேட்டுட்டுச் சொன்னீங்க, ஒத்துக்கறேன். மத்த ரெண்டு பேர் கேட்டது பாதித் தட்டுதானே? அதையே ரெண்டு தடவை. முழுசாக் கேட்டுட்டுன்னுதான் பேச்சு. அவங்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்க. கேட்டுட்டுச் சொல்லட்டும்."

போனை எடுத்தேன். அதில் பேராசிரியர் அனுப்பிய செய்தி காத்திருந்தது. இரண்டாம் பக்கம் முதல் பக்கமேதான் என்று அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, உலகத்து ரசிகர்களெல்லாம் கூடும் நெட் பக்கத்தில் போட்டிருந்தார். அங்கே ஒரே ரகளை. காது என்றால் இதுவல்லவா காது என்று ஒரு கூட்டம். நானும் அதே இடத்தில் அழுதேன் என்று ஒரு கூட்டம். ஆந்தைகளுக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது, அதைத்தான் இவர் நாசூக்காகச் சொல்கிறார் என்று இன்னொரு கூட்டம். இவர் தட்டையே கேட்கவில்லை என்று எழுதிய ஒருவனை எல்லாரும் சேர்ந்து துரத்தியடித்திருந்தார்கள். பேராசிரியர் கீழே எனக்குத் தனியாக ஒரு வரி போட்டிருந்தார். "என் வகுப்பில் நான் சொன்னதைக் கேட்டு ஒருத்தரும் அழுததில்லை சார்."

போனை டாக்டரிடம் காட்டினேன். அவன் படித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான். "சொல்லாதடா. மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. தட்டை இரவல் கேட்டாருன்னா, கீறல் விழுந்துடுச்சுன்னு சொல்லிடு."

"அப்ப ஜன்னல்?"

"ஒருத்தன் மனசைப் புண்படுத்தினது பத்தாதா?"

அவளைப் பார்த்தேன். இஞ்சு டேப்பால் ஜன்னலோரத்தை அளந்துகொண்டிருந்தாள்.

டாக்டர் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து, இரண்டு ஸ்பீக்கரையும் பிளேயரையும் பின்னறைக்குக் கொண்டுபோனோம். மெஷினை ஹாலுக்குத் தூக்கி வந்ததும் நாங்கள்தான். வெளிச்சத்தில் அவள் ஒரே தடவையில் நூலைக் கோர்த்ததைப் பார்த்தேன். இதை எப்போதோ செய்திருக்கலாம் என்று தோன்றியது. தோன்றி என்ன பிரயோஜனம்?

இப்போதெல்லாம் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னறையில்தான் ஆந்தைகளைக் கேட்கிறேன். நேற்றுத் தட்டை வைத்து, முள்ளை இறக்கி, கண்ணை மூடிச் சாய்ந்தேன். ஹாலிலிருந்து மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

"என்னங்க, கதவைத் திறந்தே வைங்க, அந்த நடுப் பாட்டு எனக்கும் கேக்கட்டும். பக்கம் முடிஞ்சா ஒரு குரல் குடுங்க, நானே வந்து திருப்பி வைக்கிறேன்."