டாக்டர் விந்தார்தியின் பிரிக்கும் மருந்து

"ஒட்டினதைப் பிரிக்கிற மருந்து கண்டுபிடிச்சிருக்கீங்களாமே, டாக்டரம்மா. எனக்கு ஒரு புட்டி கொடுங்க."

ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பிய விந்தார்தியின் ஸ்கூட்டரை மறித்துக்கொண்டு நின்றாள் எதிர்வீட்டுத் துமினி.

தப்பு விந்தார்தியுடையதுதான். சந்துக்காரர்கள் கூடியிருந்த ஒரு சாயங்காலம், "யுனிவர்சிடியில அப்படி என்னதான் பண்றே?" என்று யாரோ கேட்க, எல்லாருக்கும் புரியட்டுமென்று எளிமையாகச் சொல்லித் தொலைத்திருந்தாள். உடம்பில் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. புற்றுக்கட்டிக்குள் மருந்து நுழைய வேண்டுமானால் அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அப்படித் தளர்த்தும் ரசாயனத்தைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். யோக்யகர்த்தா நகரத்தின் அந்தச் சந்துக்குப் 'பிரிக்கும்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

"அது மனுஷங்களுக்கு இல்லம்மா. செல்லுக்கு. கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாமத்தான் வேலை நடக்கணும்."

"எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பாக்கலை."

"எலிக்கெல்லாம் ஏன் வீணடிக்கிறீங்க? நம்ம சந்துலயே ஒரு புள்ள, தங்கமான புள்ள, ஒட்டக்கூடாத எடத்துல ஒட்டிக்கிட்டு வீடு வாசலை மறந்து கெடக்கு."

"யாரு?"

"பேரு எதுக்கு, பாவம்."

பேர் தேவையில்லை. துமினியின் மகன் கலிஹ், தெருமுனை அழகுநிலையத்து நிங்ருமைச் சுற்றி வருவது சந்துக் கோழிகளுக்கும் தெரியும்.

துமினி மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாள் துணைக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் புருஷனைப் பாட்டுக் குருவிக் கூண்டுகளிடமிருந்து பிரிக்க வேண்டுமாம். விந்தார்தி அலுத்துப்போய்ச் சமையலறைக்குப் போனாள். வெல்லப்பாகைத் தண்ணீரில் கலந்து ஒரு சின்னப் புட்டியில் அடைத்தாள்.

"தினம் ரெண்டு சொட்டு. இதோட என்னை விட்டுடுங்க."

அந்த வாரமே அழகுநிலையத்து வாசலில் நிங்ரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கலிஹ் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல, அக்கா."

வெல்லத் தண்ணீருக்கு அந்தச் சக்தி கிடையாது என்று விந்தார்தி படித்த படிப்பு சொன்னது. மனசு கேட்கவில்லை.

"அவன் மேல தப்பில்ல நிங்ரும். எல்லாம் அவன் குடிச்சது பண்ற வேலை."

நிங்ருமின் அழுகை நின்றது. "குடிக்கிறானா?"

"ஐயோ, அந்தக் குடி இல்ல."

"வேற எந்தக் குடி?"

விந்தார்தி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டாள். அன்று செல் தட்டுகளைச் சக ஆய்வாளரிடம் ஒப்படைத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினாள். கலிஹ் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்னைக் குடிகாரன்னு சொன்னீங்களாமே, அக்கா. அவ அப்பா காது வரைக்கும் போயிருச்சு."

"நீ ஏன்டா அவளைப் பாக்கவே மாட்டேங்கிறே?"

கலிஹ் தலைக்கவசத்தைக் கழற்றினான். ஆடு பாதி மேய்ந்துவிட்டுப் போன வயல்போல இருந்தது தலை.

"அவ வெட்டினது. வெட்டிட்டுச் சிரிச்சா வேற. முடி வளர்ற வரைக்கும் அந்தப் பக்கம் போறதா இல்ல."

ஆக, புட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குடிகாரப் பட்டம் மட்டும் விந்தார்தி வாங்கிக் கொடுத்தது. அதை அவள்தான் துடைக்க வேண்டும். அடுத்தடுத்த நாட்களிலும் சாயங்காலமே வந்து, ஒருநாள் கலிஹிடம், ஒருநாள் நிங்ருமிடம் என்று நடந்தாள். இடையில் கணவன் சப்தோவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிற சாதுவான மனிதன் அவன்.

"இன்னிக்கும் சீக்கிரமா?" என்று இரண்டாவது தட்டை எடுத்து வைப்பான்.

"அந்தக் கலிஹ் விவகாரம். கேக்காதீங்க."

அவன் கேட்கவில்லை. பொரித்த சோயாத் தெம்பேத் துண்டுகளை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

கடைசியில் விந்தார்தி கலிஹை இழுத்துக்கொண்டு நிங்ருமின் அப்பா தார்மோவைப் பார்க்கப் போனாள். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று கடைத்தெருவில் கைக்குக் கிடைத்த பலகாரத்தை வாங்கியிருந்தாள். டப்பாவைத் திறந்த தார்மோ, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இங்க வா. ஒட்டரிசிப் பலகாரம் கொண்டுவந்திருக்காங்க. பையனும் கூட வந்திருக்கான்."

பெண் கேட்கப் போகும்போது கொண்டுபோகிற பலகாரம் அது. தம்பதி கடைசிவரை ஒட்டியிருக்க வேண்டுமென்று. ஒட்டுவதைப் பற்றியே பட்டம் வாங்கிய விந்தார்திக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, பையன் குடிக்கமாட்டான்னு சொல்லத்தான் வந்தேன்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேற எப்படிச் சொல்லுவாங்க?" என்றார் தார்மோ, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு.

நீயாவது மறுத்துச் சொல்லேன் என்று கலிஹைப் பார்த்தாள். அவன் நிங்ருமைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிங்ரும் அவன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சரி பண்ணிடறேன்," என்றாள்.

"ம், சரி," என்றான் அவன்.

"பையனே சரின்னுட்டான்," என்றார் தார்மோ. எல்லாரும் எழுந்தபோது நிச்சயத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

மகனைப் பிரித்துவிடச் சொன்ன தாயிடம் அவன் நிச்சயத்தை எப்படிச் சொல்வது? விந்தார்தி எதிர்வீட்டுப் படியேறினாள். துமினி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களைக் கேக்காம உங்க மகனுக்குப் பொண்ணு பேசிட்டேம்மா. என்னை மன்னிச்சிடுங்க."

"கேள்விப்பட்டேன். நல்ல பொண்ணாச்சே. நானே பேசணும்னுதான் இருந்தேன்."

"அப்ப அந்த மருந்து? அது மருந்தே இல்லம்மா. வெறும் வெல்லத் தண்ணி. கலிஹுக்குக் கொடுத்துப் பலிக்கலைன்னா என்னைத் திட்டாதீங்க."

துமினி கையிலிருந்த அவரைக்காயைக் கீழே வைத்தாள்.

"கலிஹுக்கு எதுக்கு டாக்டரம்மா? கேட்டு வாங்கிக் கொடுக்கச் சொன்னதே உங்க வீட்டுக்காரர்தான். தினம் உங்க காப்பியில ரெண்டு சொட்டு விடறாராம், நீங்களும் லேபை விட்டுட்டுப் பொழுதோட வீடு வந்துடறீங்கன்னு மனுஷன் சந்து பூரா சொல்லிப் பூரிச்சுப்போறாரு."