ஜெனிதாவுக்கு என்ன பிடிக்கும்?

“ஜெனிக்குப் பொம்மைன்னா பயமாம் மாமா!”

பக்கத்துக் காம்பரா வீட்டு நிலக்ஷி மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோது ஞானரட்ணம் தலையில் கைவைத்துக்கொண்டான். வைக்காமல் என்ன செய்வான்? மகள் ஜெனிக்காக வாங்கிய இரண்டடி உயரப் பொம்மை ஒன்று ஹட்டனிலிருந்து பஸ்ஸில் அவன் மடியிலேயே உட்கார்ந்து வந்து, இப்போதுதான் இறங்கியிருந்தது.

“என்னா பயம்?”

“அது கண்ணத் தொறந்துகிட்டே தூங்குமாம். அதப் பாத்தா இவளுக்குத் தூக்கம் வராதாம்.”

வாங்குவதற்கு முன்னால் விசாரிக்க வேண்டும் என்பது ஞானரட்ணத்துக்கு எப்போதும் வாங்கிய பிறகுதான் தோன்றும். கலியாணத்துக்கு எடுத்த கோட்டு முதல் அதே கதைதான்.

டிக்கோயாப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி கோயில் இளைஞர்கள் கரோல் பாடிக்கொண்டு லயம் லயமாக, வரிசை வீடு ஒன்றையும் விடாமல் வருவார்கள். கூடவே நத்தார் தாத்தா மூட்டையோடு ஆடிக்கொண்டு வருவார். தாத்தா என்றால் வேறு யாருமில்லை, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ஞானரட்ணத்தோடு வேலை செய்கிற சின்னராசாதான். பெற்றோர்கள் பிள்ளையின் பேர் எழுதிய பொட்டலத்தை இரண்டு நாள் முன்னதாகவே அவனிடம் ரகசியமாகக் கொடுத்துவிட வேண்டும்.

ரகசியம் என்று சொல்வது சுலபம். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் நெருப்புப்பெட்டியைக்கூட ஒளித்துவைக்க முடியாது. அதனால் பொம்மை, பக்கத்துக் காம்பராவில் ஜீவராணியின் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஜீவராணியின் மகள் நிலக்ஷிதான் உளவாளி. வயது எட்டு. ஒரு செய்திக்கு ஒரு டொபி.

போன வருடம் வரை இந்த வேலையெல்லாம் அவன் மனைவி பெற்றீசியாவுடையது. பெப்ரவரியில் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஏழு வயது ஜெனிதாவுக்கு அம்மா இல்லாமல் வருகிற முதல் நத்தார் இது. நத்தார் தாத்தாவின் மூட்டையிலிருந்து பிள்ளை நினைக்காத சாமான் ஏதாவது வந்து, அவள் முகம் வாடி, ‘அம்மா இருந்திருந்தா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தன்னால் தாங்க முடியாது என்பது ஞானரட்ணத்துக்குத் தெரியும்.

பெற்றீசியாவிடமே கேட்கலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒக்டோபரில் அவள் இன்னும் ஒரு வருடம் இருப்பதாக அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டாள். புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு வாயை மூடியவன்தான். தினமும் சாயந்தரம் லயத்துக்கு மேலேயுள்ள பாலத்தடிக்கு ஜெனிதாவைக் கூட்டிப்போவான். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். நம்பரை அழுத்தி மகள் கையில் கொடுத்துவிட்டு, தள்ளிப்போய் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

“அப்பா சாப்புட்டாங்களான்னு அம்மா கேக்குறாங்க.”

“சாப்புட்டேன்னு சொல்லு.”

“அப்பா சாப்புட்டுட்டாங்களாம், அம்மா.”

இரண்டு மாதமாக இதுதான் குடும்பம்.

இப்போது வேறு வழியில்லை. ஞானரட்ணம் தனியாகப் பாலத்தடிக்குப் போய் ஒரு குரல் செய்தி பதிவு செய்தான். “ஜெனிக்கு என்னா புடிக்கும்? நத்தார் தாத்தாகிட்ட குடுக்கணும். அவ்வளவுதான்.” கேட்டுப் பார்த்தான். குரல் கொஞ்சம் அன்பாக இருந்தது. அழித்தான். நாலாவது தரம்தான் போதுமான அளவுக்கு முறைப்பாக வந்தது.

பதில் நாலு நிமிடம் வந்தது. வெறும் வயிற்றில் பாலில்லாத சாயத்தண்ணி குடிப்பது, குளிருக்குத் தொப்பி போடாதது, மகளுக்குத் தலை வாரத் தெரியாதது என்று எல்லாவற்றுக்கும் ஏச்சு. கடைசியில் மட்டும், “நானும் அவகிட்ட கேட்டேன். நத்தார் தாத்தாவுக்குச் சொல்லியாச்சாம், வெளிய சொன்னா கெடைக்காதாம். காலுக்குச் செகப்புல ஒரு சப்பாத்து வாங்குங்க.”

கலரைச் சரியாகக் கேட்க வேண்டும் என்று அதை மூன்று தரம் போட்டுக் கேட்டான்.

பொம்மை ஹட்டனுக்குத் திரும்பிப் போனது. செல்லசாமியின் பேன்சி கடையிலிருந்து சிவப்புச் சப்பாத்து வந்தது. அடுத்த நாளே உளவாளியும் வந்தாள்.

“செகப்புச் சப்பாத்து வேணாமாம் மாமா. செகப்பக் கண்டா அட்ட ஓடி வந்து ஏறுமாம்.”

ஞானரட்ணம் பிறந்ததிலிருந்து தோட்டத்தில் அட்டைக்கடி வாங்கியவன். இருந்தும் அன்றைக்குக் கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டான். பிறகு பாலத்தடிக்கு ஓடி, இந்தத் தரம் நேராகவே அழைத்தான்.

“ஒன் மக சப்பாத்தும் வேணாங்குறா. செகப்பப் பாத்தா அட்ட வருமாம்.”

“அட்டையா? அதுக்குக் கலரெல்லாம் தெரியுமாக்கும்?”

“எனக்கென்னா தெரியும்? நான் என்னா அட்டைக்கு டொக்டரா?”

அந்தப் பக்கம் பெற்றீசியா சிரித்தாள். அடக்க முடியாமல், மூக்கால் சத்தம் வருகிற அந்தப் பழைய சிரிப்பு. இவனுக்கும் வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போதுதான் தான் கோபமாக இருப்பது நினைவுக்கு வர, “சரி சரி, வேற சொல்லு” என்றான்.

“சாயப் பெட்டி வாங்குங்க. படம் வரையணும்னு உசிர விடுவா.”

“சரி.”

“என்னாங்க...”

“என்னா?”

“தொப்பி போட்டிருக்கீங்களா?”

“போட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் முதல் வேலையாகத் தொப்பியைத் தேடினான்.

சாயப் பெட்டியும் ஜீவராணியின் கட்டிலுக்கடியில் ஒரு ராத்திரிதான் தங்கியது.

“படம் வரைஞ்சு வரைஞ்சு அவளுக்கு வெறுத்துப் போச்சாம் மாமா” என்றாள் நிலக்ஷி.

“ஏழு வயசுலயா வெறுத்துப்போச்சு?”

“ஆமாவாம்.”

இருபத்தோராம் தேதி. அன்றைக்குச் சாயந்தரத்துக்குள் பொட்டலம் சின்னராசா கைக்குப் போக வேண்டும். ஞானரட்ணம் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஹட்டனுக்கு ஓடினான். அவன் கையிலிருந்த சாயப் பெட்டியைத் தூரத்தில் பார்த்தவுடனேயே செல்லசாமி கும்பிடு போட்டார்.

“தம்பி, இது கடையா, இரவல் குடுக்குற எடமா? இதான் கடைசி. இந்தத் தரம் எடுத்தா எடுத்ததுதான். திரும்பி வந்தீங்கன்னா நான் கடையப் பூட்டிட்டுப் போயிருவேன்.”

ஞானரட்ணம் நாலு பக்கமும் பார்த்தான். போனை எடுத்து, மானம் ரோசம் எதையும் பார்க்காமல் வீடியோவில் அழைத்தான். பெற்றீசியா தலையில் துணி கட்டியபடி, யார் வீட்டுச் சமையலறையிலோ நின்று கிசுகிசுத்தாள். “என்னாங்க, மேடம் வீட்டுல இருக்காங்க.”

“எனக்கு ஒண்ணும் புரியல பெற்றீசியா. நீயே வந்து எடு” என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கடையைக் காட்டினான்.

அவள் எடுத்தாள். கடையே கூடி உதவி செய்தது. “தங்கச்சி, மேல் தட்டப் பாரும்மா” என்று செல்லசாமியே ஏணியில் ஏறினார். சாமான் வாங்க வந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கவுனைத் தூக்கிக் காட்டினார்கள். கடைசியில் மஞ்சள் கவுன் ஒன்று எல்லோருக்கும் பிடித்துப்போனது.

“என்னா அளவு?” என்றார் செல்லசாமி.

“என் இடுப்பு வரைக்கும் இருப்பா” என்றாள் பெற்றீசியா.

“அது நீ போறப்போ. இப்ப நல்லா வளந்துட்டா” என்றான் இவன்.

அவள் தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைப்பது சின்னத் திரையில் தெரிந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?” என்றான் ஞானரட்ணம்.

“கேட்டா வேணாம்பீங்க.”

“ஆமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

“அதான் கேக்கல. ஒங்க வாயால வேணாம்னு கேட்டா எனக்கு இங்க நிக்க முடியாதுங்க. ஓடி வந்துருவேன்.”

செல்லசாமி திடீரென்று ஏணியின் உச்சியில் தூசு தட்ட ஆரம்பித்தார். இரண்டு மாதமாகக் கோபம் கோபம் என்று தூக்கிக்கொண்டு திரிந்ததெல்லாம் கோபமே இல்லை, அவள் பக்கத்தில் இல்லையே என்கிற ஏக்கம்தான் என்பது ஞானரட்ணத்துக்குப் பேன்சி கடை நடுவில் வைத்தா புரிய வேண்டும்?

“கொஞ்சம் பெரிய அளவாவே குடுங்க மொதலாளி” என்றான்.

இருபத்துமூன்றாம் தேதி சாயந்தரம் மத்தளமும் பாட்டுமாகக் கரோல் வந்தது. பஞ்சுத் தாடிக்குள்ளிருந்து சின்னராசா, “ஜெனிதா பாப்பா!” என்று கூப்பிட்டான். ஞானரட்ணம் கோயிலுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டான்.

ஜெனிதா பொட்டலத்தைப் பிரித்து, கவுனை அங்கேயே மாட்டிக்கொண்டாள். கை இரண்டும் காணாமல் போய்விட்டன. கவுனின் கீழ்ப்பகுதி வாசலைக் கூட்டியது.

“ஐயோ, பெருசாப் போச்சே! பெற்றீசியாகிட்டயும் கேட்டுத்தானே எடுத்தேன்!” என்று லயமே கேட்கக் கத்திவிட்டான் ஞானரட்ணம்.

சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் அவனையும் நத்தார் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சின்னராசா தாடிக்குள் இருமினான். “அது வந்து... நத்தார் தாத்தா பிள்ளைங்களோட அப்பா அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் எடுப்பாரு” என்று சமாளித்துவிட்டு, மத்தளக்காரரைப் பலமாக அடிக்கச் சொன்னான்.

ஞானரட்ணம் மகளின் முகத்தைப் பார்க்கப் பயந்து பயந்து பார்த்தான். முகம் வாடவில்லை.

“பரவால்லப்பா. அம்மா வர்றப்போ சரியா இருக்கும்” என்றாள் ஜெனிதா.

அவளை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு பாலத்தடிக்கு நடந்தான். நிலக்ஷியும் பின்னாலேயே வந்தாள். நம்பரை அழுத்தி, மகளைத் திரையில் காட்டி, பெற்றீசியா அங்கே அழுது சிரித்து முடித்ததும் பழக்கப்படி போன் ஜெனிதாவின் கைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மகளை இறக்கிவிட்டுவிட்டு ஞானரட்ணமே பேசிக்கொண்டிருந்தான். அளவு தவறியது யாருடைய குற்றம் என்று ஆரம்பித்து, செல்லசாமி ஏணியில் நின்ற அழகு, சின்னராசாவின் இருமல், நத்தாருக்குக் கோழியா மீனா என்று பேச்சு எங்கெங்கோ போனது. பத்து நிமிடம். பதினைந்து நிமிடம்.

ஜெனிதா அவசரப்படவில்லை. நீளக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். நிலக்ஷி அவளை இடித்துக் கேட்டாள்:

“அடியே, அதான் மாமாவும் அத்தையும் பேசிட்டாங்களே! இனிமே ஒனக்கு அது புடிக்கல, இது புடிக்கலன்னு நான் போயி பொய் சொல்ல வேணாம்ல?”