முதலில் யானையை நகர்த்து

திண்டிவனத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் மாவட்டச் சதுரங்கப் போட்டி. ஆட்டம் உள்ளே, கூட்டமோ வெளியே, வேப்பமரத்தடியில். விழுப்புரத்திலிருந்து காரில் வந்து இறங்கியிருந்தார் ‘செஸ் ஜோதிடர்’ விருத்தாசலம். ஜாதகத்தைப் பார்த்து, பிள்ளை முதலில் எந்தக் காயை நகர்த்தினால் வெற்றி என்று சொல்லிவிடுவார். நகர்த்தும் விரலுக்கு மந்திரித்த கயிறு தனி. பெற்றோருக்குத்தான் மண்டபத்துக்குள் அனுமதி கிடையாதே, வெயிலில் வேறென்ன செய்வார்கள்? முண்டியடித்தார்கள்.

மயிலத்துப் பாஞ்சாலியின் மகள் அஸ்வினிக்கு அவர் சொன்ன காய் யானை. கஜகேசரி யோகமாம். மகள் இதுவரை ஆடிய எல்லா ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டாள். பாஞ்சாலி பூரித்துப்போய் ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலையை ஜோதிடர் காலடியில் இறக்கினாள்.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். ஜோதிடர் விரல்விட்டு எண்ணி, உச்சுக் கொட்டினார். எதிராளியின் நட்சத்திரம் பொல்லாதது, அம்மாவின் காதுத்தோட்டைக் காணிக்கை வைத்தால்தான் யானை பலிக்கும், இல்லையேல் பெண்ணை உட்காரவே விடாதே, புத்தி பேதலித்துவிடும் என்றார். பாஞ்சாலியின் கை தானாகத் தோட்டுத் திருகைத் தேடியது.

அஸ்வினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பலகையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துக் காய்களை அடுக்கினாள்.

“ஐயா, அந்த யானைய நீங்களே ஒருவாட்டி நகர்த்திக் காட்டுங்க.”

ஜோதிடர் மூலையிலிருந்த யானையைத் தூக்கி, முன்னால் நின்ற சிப்பாயைத் தாண்டி நடுவில் கம்பீரமாக வைத்தார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பெரியவர்கள் விழித்தார்கள்.

“தாண்டுறது குதிரை மட்டுந்தாம்மா. முன்னாடி சிப்பாய் நிக்கசொல்ல யானையால அசையக்கூட முடியாது. நான் எல்லா ஆட்டத்துலயும் முதல்ல சிப்பாயத்தான் நகர்த்திக்கினு இருக்கேன். சொன்னா அடிப்பியோன்னு சொல்லல.”

மகன் தோற்றுப்போன செல்வகுமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “எம்புள்ள யானைய நகர்த்தாததாலதான் தோத்தான்னு சொன்னீங்களே?”

ஜோதிடர் ஆமாம் என்று தலையாட்டினார். பாவம், தொழில் பழக்கம்.

“நானும்தான் நகர்த்தல. ஜெயிச்சேனே,” என்றாள் அஸ்வினி.

ஜோதிடருக்கு அவசர வேலை நினைவுக்கு வந்துவிட்டது. செல்வகுமார் கார்ச்சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வாங்கியதையெல்லாம் மரத்தடியிலேயே திருப்பிக் கொடுத்த பிறகுதான் வண்டி கிளம்பியது. பாஞ்சாலி மகளின் விரலிலிருந்த கயிற்றை அறுத்து எறிந்தாள். “ஜல்தி உள்ள போ. உனக்கு எது தோணுதோ அத நகர்த்து.”

அஸ்வினி ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாயைத் தள்ளி ஆரம்பித்தாள். வெகுநேரம் யோசித்து, வியர்த்து, ஜெயித்தாள்.

பிள்ளைகளின் மூளைக்குத்தான் உள்ளே போட்டி. அதற்காகப் பெற்றவர்கள் தங்கள் மூளையைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிப் போட வேண்டும் என்று சதுரங்கத்தில் எந்த விதியும் இல்லை.