எங்கள் வீட்டுக் கிளிக்கர்

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே விசராக்க முடியும் என்று நிரூபித்த மனிதர் மொன்றியல் தமிழர்களில் ஒருவர்தான். துரதிர்ஷ்டவசமாக அவர் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் குடியிருந்தார்.

சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் அவர் கிளிக்கர். சக்கர நாற்காலியில் இருப்பவர்களை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடும் சிறிய பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். ஏறியவர்கள் எல்லோருடைய பெல்ட்டும் 'கிளிக்' என்று சொன்னதைத் தன் காதால் கேட்டால்தான் வண்டி நகரும். அது நல்ல பழக்கம்தான். ஆனால் வேலை முடிந்து சொந்தக் காரில் ஏறிய பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

ஒருநாள் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது மெட்ரோ வாசலில் என்னை ஏற்றிக்கொண்டார். பெல்ட்டைப் போட்டேன். கார் அசையவில்லை.

"கிளிக் கேக்கேல்லை, தம்பி."

"போட்டிட்டன் அண்ணை. இஞ்ச பாருங்கோ."

"போட்டது தெரியுது. கேக்கேல்லை. கழட்டிப் போடுங்கோ."

பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்னில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. நான் கழற்றிப் போட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகுதான் கியர் மாறியது.

இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது. சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லின் மேலேயே அவருக்குப் பித்து ஏறிவிட்டது. கிளிக் எங்கிருந்து வந்தது, யார் முதலில் சொன்னது, எத்தனை பொருள் இருக்கிறது என்று நூலகங்களில் தேடத் தொடங்கினார். தேடியதை வைத்திருக்க அவருக்கு இடம் இல்லை. என் காதுகள்தான் இருந்தன. மேற்குப் புறநகர் கர்க்லாண்ட் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "முப்பது கிளிக்" என்பார். பட்டாளத்துக்காரர் கிலோமீட்டரை அப்படித்தான் சொல்வார்களாம், ஏன் என்று நிச்சயமாகச் சொல்ல ஆளில்லையாம். ஆளில்லை என்பதை விளக்கவே அவருக்கு அரை மணித்தியாலம் தேவைப்பட்டது.

ஒரு பிறந்தநாள் விழாவில் கேக்கைச் சுற்றிக் குடும்பமே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கைத்தொலைபேசியில் படம் எடுக்கப்போன பெடியனின் கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, இந்தப் போனுக்குள்ள கிளிக் எண்டு அடிக்கிற சாமான் ஒண்டும் இல்லை, தெரியுமோ? பழைய கமெராவின்ரை சத்தத்தைச் செய்து உள்ளுக்கு வைச்சிருக்கிறாங்கள். சத்தத்துக்குப் பொம்மை!"

மெழுகுதிரி உருகிக் கேக்கில் வடிந்தது. அவருக்கு அது போதாது. ஒரு சிறு கூட்டம் தங்களுக்குள்ளேயே கூடிக்கொண்டால் அதைக் 'கிளீக்' என்பார்கள், அது பிரெஞ்சில் சத்தம் போடுவதற்கான பழைய சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள் என்று தொடர்ந்தார். "அவங்களுக்குச் சத்தத்திலயிருந்து கூட்டம் வந்தது. எங்கட சங்கங்களில கூட்டத்திலயிருந்து சத்தம் வருது!" அந்த மண்டபத்தில் மூன்று சங்கத் தலைவர்கள் இருந்தார்கள். அதன் பிறகு சில வருடங்களுக்கு எங்களுக்கு விழா அழைப்புகள் குறைந்தன.

இப்படிப்பட்டவர் காதுக்கு எட்டும் தூரத்தில்தான் என் மகள் மிதுனா ஒரு சனிக்கிழமை காலை அந்தச் சொல்லைச் சொன்னாள்.

கர்க்லாண்டில் ஒரு நல்ல குடும்பத்தில் அவளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தோம். பையன் நிரோஷன் பொறியியலாளர், அமைதியானவன். இரண்டு பேரும் கோப்பிக் கடைகளில் சந்தித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி வதனி கூறைச் சேலையின் நிறம் வரைக்கும் போய்விட்டாள்.

"அம்மா, இது சரிவராது. எங்களுக்குள்ள கிளிக் ஆகேல்லை."

"என்ன ஆகேல்லை?"

"கிளிக்."

"பெடியனில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை."

"பேந்தென்ன?"

"அதுதான் சொல்லுறனே, கிளிக் ஆகேல்லை எண்டு!"

வதனி கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள். பேஸ்மென்ட் படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. முழங்கால் நோவென்று புலம்புகிறவர் அன்று இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார்.

"தங்கச்சி, பதறாதேங்கோ. முதல்ல அந்தச் சொல் எங்கயிருந்து வந்தது எண்டு பாப்பம்."

"அண்ணை, இப்ப வேண்டாம்" என்றேன்.

"இப்பதான் வேணும், தம்பி."

கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். அது லத்தீனும் இல்லையாம், கிரேக்கமும் இல்லையாம். சத்தத்தையே பிடித்துச் சொல்லாக்கியதாம். டச்சிலும் பழைய பிரெஞ்சிலும் அதைப்போல உண்டு, யார் யாரிடம் எடுத்தது என்பதில் பிணக்காம். இரண்டு துண்டு சரியாகப் பொருந்தினால் அந்தச் சத்தம் வரும். அதனால் பொருந்துவதற்கே அந்தப் பெயர் வந்தது. பிறகு மூளையில் ஒரு விசயம் பொருந்தினாலும் கிளிக், இரண்டு மனம் பொருந்தினாலும் கிளிக்.

"நாங்கள் சடசட, கலகல எண்டு ரெண்டு தரம் சொல்லுவம். பிரிச்சால் பொருள் இல்லை எண்டு எங்கட இலக்கணம். இங்கிலிஷ்காரனுக்கு ஒருக்கால் போதும்..."

"அண்ணை, என்ரை பிள்ளை கலியாணம் வேண்டாம் எண்டுறாள்!" என்று வதனி கத்தினாள்.

"ஓம், அதைத்தான் விளங்கப்படுத்துறன்."

கொஞ்ச நாள் பொறுத்தால் மிதுனா மனம் மாறுவாள், அதுவரை கர்க்லாண்டுக்கு மூச்சு விடுவதில்லை என்று நானும் வதனியும் முடிவெடுத்தோம். ஒன்றை மறந்துவிட்டோம். நிரோஷனின் தகப்பன் சக்கர நாற்காலியில் இருப்பவர். வைத்தியசாலைக்குப் போவது கிளிக்கரின் பஸ்ஸில்.

திங்கட்கிழமை மாலையே நிரோஷனின் தாய் தொலைபேசியில் வந்துவிட்டார். "உங்கட வாடகைக்காரர் பஸ்ஸில சொல்லித்தானோ எங்கட பிள்ளையின்ரை கலியாணம் குழம்பினது எங்களுக்குத் தெரியவேணும்? கிளிக்காம், டச்சாம்! இவருக்குத் தலை சுத்துது. ஞாயிற்றுக்கிழமை நேர வாறம்."

நான் பேஸ்மென்டுக்கு இறங்கியதை இறக்கம் என்று சொல்ல முடியாது. விழுந்தேன் என்பதே பொருத்தம்.

"எங்கட வீட்டு விசயத்தைச் சொல்ல நீங்கள் ஆர் அண்ணை?"

அவர் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். அடுப்பை நிறுத்தினார். "மனுசன் கேட்டவர், தம்பி, பெட்டை என்ன சொல்லுறா எண்டு. எனக்குப் பொய் வராது."

"சும்மா இருந்திருக்கலாமே!"

"அதுவும் வராது." சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நானும் கலியாணம் செய்தனான், தெரியுமோ?"

தெரியாது. இத்தனை வருடத்தில் கிளிக்கைத் தவிர வேறு எதையும் எனக்கு அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"நல்ல மனுசி. ஒரு சண்டை இல்லை. 'சாப்பிட்டாச்சோ, சாப்பிட்டாச்சோ' எண்டு ஒருத்தரையொருத்தர் கேட்டே காலம் போச்சு. பேந்து அவ டொராண்டோவில தமையன் வீட்டுக்குப் போனா. நான்தான் பஸ் ஏத்தி விட்டனான். கண்ணாடிக்குள்ளால பாக்கிறன், அவவின்ரை முகத்தில அப்பிடி ஒரு நிம்மதி. எனக்கும் நிம்மதிதான். அதுதான் தம்பி கவலை." முட்டையைத் தட்டில் போட்டார். "என்ன பிழை எண்டு எல்லாரும் கேட்டவை. சொல்ல எங்களிட்ட ஒரு சொல் இருக்கேல்லை. உங்கட பிள்ளையிட்ட இருக்கு."

நான் திட்டுவதற்கென்று கொண்டுபோனது எல்லாவற்றையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வாசற்படியில் பனிக்கட்டி. நாற்காலியை ஒரு பக்கம் நிரோஷனும் மறுபக்கம் கிளிக்கரும் தூக்கி உள்ளே வைத்தார்கள். உதவி முடிந்ததும் அவர் கீழே போயிருக்க வேண்டும். போகவில்லை. சோபாவின் நடுவில் இருந்துகொண்டார்.

வதனி தேநீர் கொடுத்தாள். ஒருவரும் குடிக்கவில்லை.

நிரோஷனின் தாய் மிதுனாவைப் பார்த்தார். "பிள்ளை, கோவிக்கேல்லை. அந்தக் கிளிக் என்னெண்டு எங்களுக்கும் ஒருக்கால் சொல்லும்."

கிளிக்கர் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில், என் வாழ்நாளில் முதல் தடவையாக, அதை மூடினார்.

மிதுனாவின் கண் நிறைந்துவிட்டது. அப்போது நிரோஷன் தொண்டையைச் செருமினான்.

"அம்மா, எனக்கும் ஆகேல்லை."

"உனக்கு என்னடா ஆகேல்லை?"

"அதேதான். ரெண்டாந்தரம் சந்திச்சபோதே நாங்கள் கதைச்சு முடிச்சிட்டம். உங்களுக்கு ஆர் சொல்லுறது எண்ட பயத்தில கோப்பி குடிச்சுக்கொண்டிருந்தம்."

"மூண்டு மாசமாவோ?"

"கோப்பி நல்லாயிருந்தது, அன்ரி" என்றாள் மிதுனா மெதுவாக.

முதலில் சிரித்தவர் நாற்காலியில் இருந்த தகப்பன். உடல் குலுங்கச் சிரித்தார். இரண்டு தாய்மாரும் சிரிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறித் திட்டத் தொடங்கினார்கள். ஒருத்தி நிறுத்திய இடத்தில் மற்றவள் தொடங்கினாள். அந்தத் திட்டலில்தான் இருவரும் சிநேகிதிகளானார்கள். இன்றைக்கும் சேலை வாங்கப் போவதென்றால் சேர்ந்துதான் போகிறார்கள்.

ஆரவாரம் அடங்கியபோது சோபாவிலிருந்து ஒரு குரல் வந்தது. "பிரெஞ்சில இதுக்கு 'தெகிளிக்' எண்டு ஒரு சொல்..."

"அண்ணை!" என்று வீடே கத்தியது.

மிதுனா பிறகு தனக்குப் பிடித்த ஒருவனையே கட்டினாள். திருகோணமலைப் பெடியன், ஓயாமல் கதைக்கிறவன். நிரோஷனும் கலியாணத்துக்கு வந்திருந்தான்.

கிளிக்கரின் முழங்கால் கடைசிவரை படிகளோடு சமாதானமாகவில்லை. லிஃப்ட் உள்ள கட்டடம் ஒன்றைப் பார்த்துப் புரோசார்ட்டுக்குப் போய்விட்டார். வீடு அமைதியாக இருக்கிறது. நான் எவ்வளவு காலமாக வேண்டிக்கொண்ட அமைதி! வதனி பேஸ்மென்டை வாடகைக்குப் பார்க்க வந்த எல்லோரையும் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். கேட்டால், "எல்லாரும் ஊமையள் மாதிரிக் கிடக்கினம்" என்கிறாள்.

புதுக் கட்டடத்தில் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் 'டிங்' என்கிறதாம். ஆகவே இப்போது டிங். எங்கள் வீடு இருக்கும் லவாலில் இருந்து புரோசார்ட்டுக்கு இரண்டு பாலம் தாண்ட வேண்டும். இரண்டிலும் எந்நேரமும் ஏதோ திருத்த வேலை, செம்மஞ்சள் கூம்புகள், நெரிசல். அவ்வளவையும் தாண்டி வதனி கட்டித்தந்த சோற்றோடு ஞாயிறுதோறும் போகிறேன். போனால் பின்னேரம் முழுக்கத் தலையிடி என்றும் தெரியும். தெரிந்தும், வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே நான்தான் கேட்கிறேன்: "சொல்லுங்கோ அண்ணை, இந்தக் கிழமை என்ன கண்டுபிடிச்சனியள்?"