காருக்கு அடியில் யார் போவது?

இனிமேல் நம் காருக்கு நாமே ஆயில் மாற்றுவது என்று கடிகாரக்காரர் தீர்மானம் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு. பெரிய தீர்மானங்களெல்லாம் அவருக்கு அந்த நேரத்தில்தான் வரும். வாய் கொப்பளித்ததும் பாதி போய்விடும். இது மட்டும் போகவில்லை. போன தடவை ஒர்க்‌ஷாப்பில் என்ன செய்கிறார்கள் என்று இவர் எட்டிப் பார்த்தபோது, "இதெல்லாம் உங்க கைக்கு வர்ற வேலையா சார்" என்று ஒருவன் சிரித்துவிட்டான். முப்பது வருஷமாகக் கடுகத்தனை பல்சக்கரங்களைப் பிரித்து மாட்டுகிற கை அது. அந்தக் கையைப் பார்த்தா கேட்பது?

கடிகாரத்தைவிடக் கார் பெரிசு, ஆகவே சுலபம். இதுதான் அவர் போட்ட கணக்கு. மனுஷர் கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கணக்கில் ஒரு சின்ன ஓட்டை. கடிகாரம் மேலே விழுந்து இதுவரை யாருக்கும் விலா எலும்பு முறிந்ததில்லை.

ஓட்டையை முதலில் கண்டுபிடித்தவள் அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஊரில் எவன் எதை ஒடித்துக்கொண்டாலும் அவளிடம் வந்துதான் மூச்சை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். அன்று அவளுக்கு விடுமுறை. துணி காயப்போட வாசலுக்கு வந்தவள் பார்த்த காட்சி இது: காரின் முன்பக்கம் ஒரே ஒரு ஜாக்கி மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் அவளுடைய நல்ல படுக்கை விரிப்பு. அதன்மேல் அவள் கணவர், தலை காருக்கு அடியில், கால் வெளியில்.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் கணுக்காலைப் பிடித்தாள்.

"வெளிய வாங்க."

அவர் வந்தார். வண்டியை எது தாங்குகிறது என்று கேட்டாள். ஜாக்கி என்றார். அது நழுவினால் என்றாள். நழுவுவதற்கா செய்து விற்கிறான், கம்பெனிக்காரன் என்ன முட்டாளா என்றார். ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான், அதை நம்பி அடியில் படுக்க இல்லை, தூக்கின வண்டியைத் தாங்க இரும்பு ஸ்டாண்டு வைக்க வேண்டும், பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். சொன்னதெல்லாம் சரி. சொன்ன நேரம்தான் சரியில்லை. பக்கத்து வீட்டு லாரி டிரைவர் மதில் மேல் கையூன்றி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அக்கா சொல்றது நூத்துக்கு நூறு, என்கிட்ட ரெண்டு ஸ்டாண்டு சும்மாதான் கிடக்கு" என்று வேறு சொல்லிவிட்டார்.

கெட்டது போங்கள். லாரி டிரைவர் எதிரில் பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடுமே. கடிகாரக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அஞ்சு நிமிஷ வேலை. இதுக்குப் போய் ஊரைக் கூட்டணுமா?"

"என்கிட்ட வந்து படுக்கிற எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சேன் சிஸ்டர்னு."

"உனக்கு எல்லாத்துக்கும் பயம்."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஸ்டாண்டை வாங்கிக்கொள்ளலாமா என்று அவருக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் லாரி டிரைவர் இன்னும் நின்றுகொண்டிருந்தாரே.

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார் நம்மாள். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன், பேசாமல் உள்ளே போகிற பெண்டாட்டியைப் பார்த்து அப்படி நினைக்கலாமா?

இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தாள். தலையை இழுத்துக் கட்டியிருந்தாள். புடவைக்கு மேலே அவருடைய பழைய சட்டை. கையில் டார்ச்.

"தள்ளுங்க, நான் போறேன்."

"எங்க?"

"அடியில. உங்களுக்குத் தொப்பை இடிக்கும். அஞ்சு நிமிஷ வேலைதானே, எதைக் கழட்டணும்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே விரிப்பில் மல்லாந்து படுத்துவிட்டாள். தலை பம்பர் பக்கம் நகர்ந்தது.

கடிகாரக்காரர் சட்டென்று குனிந்து ஜாக்கியைப் பார்த்தார். இவ்வளவு நேரம் இரும்புத் தூணாகத் தெரிந்த ஜாக்கி இப்போது தீக்குச்சியாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரியும் இருந்தது.

"இரு, இரு. இது கோணலா நிக்குது."

"ஏன், கம்பெனிக்காரன் முட்டாளா?" என்றாள் படுத்தபடியே.

அவளைக் கையைப் பிடித்து எழுப்பி, காரை விட்டுப் பத்தடி தள்ளி நிறுத்திவிட்டு, செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். லாரி டிரைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "அப்புறம் சிரிங்க, முதல்ல குடுங்க" என்று இவர் ஸ்டாண்டுகளையும் நாலு மரக்கட்டைகளையும் வாங்கிக்கொண்டு வந்தார். மானம் போனால் போகட்டும் என்றாகிவிட்டது.

பிறகு பார்க்க வேண்டுமே அவரை! காரைத் தரைக்கு இறக்கினார். கியரில் போட்டார், ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். பின்சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுத்தார். ஜாக்கி வைக்க வண்டியில் அடையாளம் போட்ட இடம் ஒன்று உண்டு என்பதும், தான் வைத்தது அதற்கு ஒரு சாண் தள்ளி வெறும் தகட்டில் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சரியான இடத்தில் வைத்து, ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் மெல்ல உட்கார வைத்தார். இரண்டு கையாலும் காரை ஆட்டினார். தோளால் முட்டினார். லாரி டிரைவரையும் கூப்பிட்டு முட்டச் சொன்னார். கார் அசையவில்லை. அப்படியும் மனசு கேட்காமல் ஸ்டெப்னி டயரை உருட்டி வந்து அடியில் செருகினார்.

"போதுங்க" என்றாள் அவள்.

"போதாது." இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். "உனக்கு ஒண்ணுன்னா நான் என்னடி பண்ணுவேன்?"

அவள் சட்டையைக் கழற்றி அவர் தோளில் போட்டாள். டார்ச்சைக் கையில் கொடுத்தாள்.

"இப்ப நீங்க போங்க."

"நீ போறேன்னியே?"

"எனக்கென்னங்க தெரியும் அதுல? உங்களுக்காகச் செய்யுங்கன்னா செய்ய மாட்டீங்க, அதான் எனக்காகச் செய்ய வெச்சேன்."