பக்கத்து இருக்கை நீதிமான்

சாலை விபத்துகளைச் சாலையில் தடுக்க முடியாது. கூட்ட அறையில்தான் தடுக்க முடியும். இந்த மாபெரும் உண்மையை உலகுக்கு உணர்த்திய பெருமை, லைசென்ஸ் வழங்கும் அலுவலகத்தின் கண்காணிப்பாளரையே சேரும். சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அவர் தலைமையேற்ற பிறகு கூட்ட அறையில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை.

'புதிய ஓட்டுநர்களின் வேக மோகம்' பற்றி அவர் பேசவிருந்த அன்று, கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்ததில் நேரம் போனதே தெரியவில்லை. காரை மகள் ஓட்டினாள். அவளுக்கு அப்போதுதான் லைசென்ஸ் வந்திருந்தது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை ஒன்றும் அந்த லைசென்ஸை நம்பியே கிடைத்திருந்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். அதனால் கண்ணும் கருத்துமாக நாற்பதிலேயே போனாள்.

"ஏம்மா, நாம கார்ல போறோமா, இல்ல காரைத் தள்ளிக்கிட்டுப் போறோமா?"

"போர்டுல நாப்பதுன்னு போட்டிருக்குப்பா."

"அந்த போர்டை வைக்கச் சொன்னதே நான்தான். எனக்குத் தெரியாதா அதைப் பத்தி? மிதி."

"கேமரா இருக்கும்ப்பா."

"அதெல்லாம் காரணமில்லாம வேகமாப் போறவங்களுக்கு. நாம வேகத்தைக் குறைக்கிற விஷயமால்ல போறோம். மிதிம்மா."

அப்பா சொல்லைத் தட்டாத பெண் மிதித்தாள். அவரும் கையை முன்னால் நீட்டி நீட்டி உற்சாகப்படுத்தினார். சாலையோரத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது. பத்திரிகைக்காரர்களாக இருக்கலாம் என்று லேசாகச் சிரித்தும் வைத்தார்.

கூட்டம் குறித்த நேரத்தில் தொடங்கியது. தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் நிறைவேறியது. லைசென்ஸ் வாங்கிய முதல் ஆண்டில் ஒரே ஒரு தடவை வேக வரம்பை மீறினாலும் லைசென்ஸ் ரத்து. முதலிலிருந்து படித்துத் தேறி வர வேண்டும்.

"அப்ப பழைய டிரைவருங்க?" என்று கேட்டார் உறுப்பினரான ஒரு டாக்டர்.

"அவங்க அனுபவசாலிங்க. அவங்க வேகத்துல ஒரு நிதானம் இருக்கும்."

"எப்பலேருந்து அமலுக்கு வருது?"

"நல்ல காரியத்தைத் தள்ளிப் போடலாமா? இன்னிக்குக் காலையிலேருந்தே."

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அதன் கையில் யாரோ மைக்கும் கொடுத்திருந்தார்கள்.

சில நாளில், புதிய விதிப்படி முதல் கோப்பை எழுத்தர் பயபக்தியோடு கொண்டுவந்து வைத்தார். கண்காணிப்பாளர் பெயரை இரண்டு தடவை படித்தார். மகளுடையதுதான். கேமரா எடுத்த படத்தில் மகள் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மிரண்டு போயிருந்தாள். பக்கத்தில் ஒருவர் போருக்குப் படை நடத்துபவர்போலக் கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், பக்கத்துல இருக்கறவரு..."

"பயணி."

"இல்ல சார், எங்கேயோ பார்த்த முகமா..."

"விதியில பயணியைப் பத்தி ஏதாவது இருக்கா?"

"இல்ல சார். நீங்க எழுதல."

"அப்ப விடுங்க."

'மிதிக்கச் சொன்னது நான்தான்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் லைசென்ஸ் தப்பியிருக்கும். தலைவர் பதவி தப்பியிருக்காது. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பாவம், பெற்ற மனம் அல்லவா. கடைசியில் ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். பாசம் அவர் கண்ணை மறைக்கவில்லை. அந்த வேலையை நாற்காலி பார்த்துக்கொண்டது.

மகளின் வேலை வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. அப்பாவுக்குப் பாராட்டு விழா நடந்தது. கன்றின்மேல் தேரேற்றிய மகனை அதே தேர்க்காலில் இட்ட மன்னனின் மறுபிறவி என்று மேலதிகாரி குரல் தழுதழுக்கப் பேசினார். அரங்கில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் வந்திருந்த மகள் மட்டும் கைக்குட்டையை எடுக்கவில்லை.

திரும்பும்போது அவரே காரை ஓட்டினார். விருதுக் கேடயம் மகளின் மடியில் இருந்தது. முள் அறுபதைத் தாண்டியது. கேமரா இருக்கும் இடம் வந்ததும் பதவிசாக நாற்பதுக்கு இறங்கி, அதைத் தாண்டியதும் பழையபடி ஏறியது. அனுபவசாலியின் நிதானம் என்பது அதுதான்.

"பார்த்தியாம்மா, அந்த ராஜாவுக்குச் சமமா என்னைச் சொன்னாங்க. உனக்குப் பெருமையா இல்லையா?"

மகள் முள்ளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பெருமைதாம்ப்பா. ஆனா அந்தக் கதையில, மகன் தேரை ஓட்டறப்ப ராஜா பக்கத்துல உட்கார்ந்து 'விரட்டு, விரட்டு'ன்னு சொல்லல."